ஜூன் தீக்கு வைத்த கிளைகள்

என் கல்யாணச் சீரில் வந்த படுக்கை விரிப்பை மரத்தில்தான் கண்டுபிடித்தேன். ஒரு மரத்தில் அல்ல. வீட்டுக்கு மேலே சரிவில் நிற்கும் இளம் லார்ச் மரங்களில் பாதிக்கு, இடுப்பில் முழத் துண்டு ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஏப்ரல் கடைசி, சரிவில் பனி அப்போதுதான் விலகியிருந்தது. அலமாரியைக் குடைந்து குடைந்து, இந்த வயதிலேயே மறதி வந்துவிட்டதா என்று என்னையே சந்தேகப்பட்டு, கடைசியில் கோழிகளை விரட்டிக்கொண்டு பின்பக்கம் போனவள் தலையைத் தூக்கிப் பார்த்தால், அத்தனை மரமும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது போல வெள்ளைக் கட்டோடு நிற்கின்றன. அருமையான லினன் துணி. ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலில் பின்னியிருக்கும். ஆயர் வந்து தங்கினால் விரிக்கலாம் என்று இத்தனை வருஷமும் மடித்தே வைத்திருந்தேன். ஆயர் வரவில்லை. மரங்களுக்கு வந்தது வாழ்வு.

என் கணவன் செராஃபின் சரிவின் அடியிலிருக்கும் பள்ளத்தில், ஒரு மரத்தடியில் குந்தியிருந்தான். பக்கத்தில் நான் ஜாம் காய்ச்சும் சட்டி. அதில் பிசின் களிம்பு. எங்கள் பக்கத்தில் எதற்கும் பிசின் களிம்புதான். விரலில் முள் ஏறினாலும், பசுவுக்குக் குளம்பு வெடித்தாலும், முதுகு பிடித்துக்கொண்டாலும், லார்ச் பிசினோடு வெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துக் காய்ச்சித் தடவுவோம். மனிதனுக்கும் மாட்டுக்கும் கேட்கிறதே, மரத்துக்குக் கேட்காதா என்று என் புத்திசாலிக்குத் தோன்றியிருக்கிறது. லார்ச்சிலிருந்து எடுத்ததை லார்ச்சுக்கே தடவிக்கொண்டிருந்தான்.

“என்ன பண்றே?” என்றேன்.

“பாத்தா தெரியல? புண்ணுக்குக் கட்டுப் போடறேன்.”

“கசியான் என்ன சொன்னான்? புண்ணு வந்த கிளைய வெட்டி எரிக்கச் சொன்னான். கட்டுப் போடச் சொன்னானா?”

“கிளையில வந்ததெல்லாம் வெட்டியாச்சு. இது தண்டுல வந்தது. தண்டையே வெட்டினா மரம் எங்க இருக்கும்?”

“என் விரிப்பு எங்க இருக்கும்?”

அவன் துணியை இழுத்து முடிச்சை இறுக்கினான். “நல்ல துணி, திலி. காத்தோட்டமா இருக்கு” என்றான். பாராட்டுகிறானாம்.

கசியான் இவன் அக்கா மகன், எங்கள் பள்ளத்தாக்கின் வனக்காவலன். சாதுவான பையன். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டான், அதுவே அவனோடு இருக்கும் பெரிய கஷ்டம். குளிர்காலம் முடியும் சமயத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு வந்தவன், எங்கள் இளம் மரங்களுக்கு நடுவில் வெகுநேரம் நின்றான். பிறகு சமையலறைக்கு வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், “மாமா, இது லார்ச் புற்று” என்றான். ஒரு வகைப் பூஞ்சையாம். பட்டையில் சின்ன வடுவாக ஆரம்பிக்கும். மரம் அதை மூடப் பார்க்கும், பூஞ்சை மறுபடி திறக்கும், மரம் மறுபடி மூடப் பார்க்கும். வருஷா வருஷம் இப்படியே போய், நடுவில் குழியும் ஓரத்தில் வீக்கமுமாகப் பிசின் வடியும் புண்ணாகிவிடும். புண் ஒரு சுற்றுச் சுற்றித் தண்டைப் பிடித்துவிட்டால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் காய்ந்துவிடும். மூடுபனி தங்கும் ஈரமான பள்ளம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் பள்ளத்தைப் பார்த்தே யாரோ இந்த நோயைச் செய்தார்கள் போலிருந்தது எனக்கு. புற்று என்ற வார்த்தையைக் கேட்டதும் செராஃபின் குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஏதோ பக்கத்து அறையில் நோயாளி படுத்திருப்பது போல.

இந்த மரங்கள் எங்களுக்கு வெறும் மரங்கள் இல்லை. வீட்டுக்கு மேலே முன்பு ஸ்ப்ரூஸ் காடு இருந்தது. பெரும்புயல் வந்த அன்று முழுக்காடும் படுத்துவிட்டது; படுக்காமல் நின்றதைப் பட்டைவண்டு தின்று தீர்த்தது. அதன் பிறகு ஆபத்து வரைபடம் போடும் கமிஷன் வந்து, எங்கள் வீட்டின் மீதும் பின்னாலிருக்கும் வைக்கோல் கொட்டகையின் மீதும் சிவப்பைப் பூசிவிட்டுப் போனது. சிவப்பு என்றால், மேலிருந்து பனி சரிந்தால் தடுக்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். இருக்கிற வீட்டில் இருந்துகொள்ளலாம். புதிதாக ஓர் அறைகூடக் கட்டக் கூடாது. சரிவில் பனியைப் பிடித்து நிறுத்த மரச்சட்டங்கள் அடித்து, நடுவில் லார்ச் நட்டு, அது அடர்ந்து வளர்ந்தால் சிவப்பை நீலமாக்கித் தருவோம் என்றார்கள். நீலமானால் கொட்டகையை வீடாக மாற்றலாம். வீடானால் எங்கள் ஒரே மகள் ஃபிலோமேனா திரும்பி வருவாள். கீழே போட்சன் நகரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். பண்ணை அவளுக்குத்தான், பசுக்களும் அவளுக்குப் பிடித்தமானவைதான். ஆனால் அப்பாவும் அவளும் ஒரே சமையலறையில் ஒரு வாரம் இருந்தால் பீங்கான் மிஞ்சாது. தனி வீடு, தனி அடுப்பு, அப்போது வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்ன பிறகுதான் செராஃபின் ஒவ்வொரு நாற்றையும் தன் கையாலேயே நட்டான். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றதற்கு, ஆள் வைத்தால் வேர் வளைந்துவிடும் என்றான்.

கசியான் அன்றைக்குச் சொன்னது சின்ன விஷயம். புண் வந்த கிளைகளை வெட்டுங்கள், வெட்டிய அன்றே எரியுங்கள். முதல் பாதியை என் கணவன் கர்ம சிரத்தையாகச் செய்தான். வண்டி வண்டியாகக் கிளைகளை வெட்டினான். வெட்டியதையெல்லாம் நாற்றுகளுக்கு மேலே இருக்கும் மூக்குப்பாறைக்கு இழுத்துக்கொண்டுபோய் அழகாக அடுக்கினான். எரிக்கவில்லை.

ஏனென்றால் அது திரு இருதயத் தீக்கு. ஜூனில் திரு இருதய ஞாயிறன்று எங்கள் நாட்டில் எல்லா மலைமுகடுகளிலும் தீ மூட்டுவோம். சண்டைக் காலத்தில் முன்னோர் செய்த நேர்ச்சை. மூக்குப்பாறை எங்கள் குக்கிராமத்தின் இடம். எதிர்மலைக்காரர்கள் தங்கள் தீயை மூட்டிவிட்டு எங்கள் தீயைத்தான் பார்ப்பார்கள், நாங்களும் அவர்களுடையதைத்தான் பார்ப்போம். அதில் பக்தி பாதி, மீதியைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில்கூட யாரும் சொல்வதில்லை. புயலுக்குப் பிறகு விறகு கிடைக்காமல் எங்கள் தீ வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தத் தீக்குத் தலைவன் செராஃபின். தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் குழாய் பிடிப்பதும் செராஃபின்தான். எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

“சும்மா கண்ட நாள்ல எரிக்கணும்னா ஊராட்சியில சொல்லணும், ஆள் நிறுத்தணும். ஜூன்ல எப்படியும் எரிக்கத்தான் போறோம். ஒரே வேலைய எதுக்கு ரெண்டு தடவை பண்ணணும்?” என்றான் என்னிடம். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. இவன் சொல்வதெல்லாம் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும், அதை நம்பித்தான் கல்யாணமும் செய்துகொண்டேன். எரித்துவிடு, எரித்துவிடு என்று பால் கறக்கும்போதும் சொன்னேன், பூசைக்குப் போகும் வழியிலும் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மே பிறந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை, முதல் புல் அறுக்க முடியவில்லை, சரிவில் மேகம் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. மழை கொஞ்சம் விட்ட ஒரு மாலையில் கசியான் வந்தான். நேராக மூக்குப்பாறைக்குப் போனான். நானும் பின்னால் போனேன். செராஃபின் வேண்டுமென்றே மெதுவாக வந்தான். குவியல் என் உயரத்துக்கு மேல் நின்றது. கசியான் அதிலிருந்து ஒரு கிளையை உருவி என் கண்ணுக்கு நேரே பிடித்தான். பட்டைப் புண்ணைச் சுற்றி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். வெளியே வெள்ளை ரோமம், உள்ளே நல்ல ஆரஞ்சு. பொம்மை வீட்டுக்குச் சீர் வைத்தது போல அவ்வளவு அழகாக இருந்தன, அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“மழை பெஞ்சா இது திறக்கும், அத்தை. உள்ள இருக்கிற தூள் காத்துல போகும். காத்து இங்கேருந்து எந்தப் பக்கம் அடிக்குது?”

பதில் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து வரும் காற்று மூக்குப்பாறையைத் தாண்டி நேராக எங்கள் நாற்றுகள் மீதுதான் இறங்கும். துணி காயப்போடுகிற எனக்குத் தெரியாதா?

கசியான் பள்ளத்துக்கு இறங்கினான். ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவிழ்க்காமல் விட்டான். பிறகு தன் மாமனைப் பார்க்காமல், எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மாமா, பள்ளத்துல இருக்கிறது எதுவும் பிழைக்காது. மேல் பாதி இன்னும் சுத்தமா இருக்கு. அதைக் காப்பாத்தணும்னா குவியலை இன்னிக்கே எரிக்கணும், பள்ளத்தை இந்த வாரமே வெட்டணும்.”

“பள்ளத்தை வெட்டினா கொட்டகைக்கு மேல மொட்டையாயிடும்” என்றான் செராஃபின்.

“ஆமா.”

“கமிஷன் மறுபடி சிவப்பே போட்டுடும்.”

“போடும், மாமா. வேற கன்னு வெச்சு, அது வளர்ற வரைக்கும்.”

“அது வளர்றதுக்குள்ள நான் செத்துடுவேன்.”

கசியான் தலையைக் குனிந்துகொண்டான். கத்தியிருக்கலாம், சட்டம் பேசியிருக்கலாம். செய்யவில்லை. “யோசிங்க மாமா” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். யோசிக்கச் சொல்கிறான், இவனை!

இவன் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான். அன்றைக்கு மாடுகளுக்குத் தீனி வைக்கும்போது ரகசியம் சொல்வது போல என்னிடம் சொன்னான். “கமிஷன் செப்டம்பர்ல வர்றதா இருக்கு. நவம்பருக்குத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டிருக்கேன். முழங்கால் ஆபரேஷன்னு சொல்லியிருக்கேன்.”

“உன் முழங்காலுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. நவம்பர்ல லார்ச் இலைய உதுத்துடும். நல்ல மரமும் குச்சி, காஞ்ச மரமும் குச்சி. கீழேருந்து பாத்தா எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. கட்டெல்லாம் முந்தின நாள் அவுத்துடலாம்.”

மற்ற ஊசியிலை மரமெல்லாம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்க, லார்ச் மட்டும் இலையுதிர்க்கும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அதை வைத்து அரசாங்கத்தை ஏமாற்றலாம் என்று இதுவரை ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை. வைக்கோல் கவையை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் கையில் இருந்ததை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் மகள் மேனா போன் செய்தாள். வாடகை வீட்டைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாளாம். கொட்டகை வீட்டில் வரப்போகும் சமையலறைக்கு ஜன்னல் மலையைப் பார்த்து வைக்கலாமா, பள்ளத்தாக்கைப் பார்த்து வைக்கலாமா என்று கேட்டாள். மலையைப் பார்த்தே இருக்கட்டும், காலையில் எழுந்ததும் அப்பாவுடைய மரங்களைப் பார்க்கலாம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். 

“மரமெல்லாம் எப்படிம்மா இருக்கு? அப்பா நல்லா இருக்குன்னார்.”

“மழைதான்” என்றேன். “விடவே மாட்டேங்குது.” வாயில் வந்தது அதுதான். போனை வைத்துவிட்டு அடுப்பின் முன்னால் நின்றேன். ரொட்டி உருண்டைகள் வெந்து, உடைந்து, சூப்பாகவே ஆகிவிட்டன. அவள் வர வேண்டும் என்று இவன் ஆசைப்படுவதைவிட ஒரு பங்கு அதிகமாகவே நான் ஆசைப்பட்டேன். இந்த வீட்டில் இவனோடு மட்டும் பேசிக்கொண்டிருந்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஆனால் மலையைப் பார்த்த அந்த ஜன்னலுக்கு மேலே, கட்டுப்போட்ட குச்சிகளை நம்பி, ஜனவரிப் பனி நிற்கும் என்பதை நினைத்ததும் சூப்பை அப்படியே கோழிகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

புதன்கிழமை காலை வெயில் வந்தது. செராஃபின் பால் கூட்டுறவுக் கூட்டத்துக்குக் கீழே போயிருந்தான். திரு இருதய ஞாயிறு இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. டிராக்டர் கொட்டிலில் இருந்த டீசல் டின்னை எடுத்துக்கொண்டேன். பழைய வைக்கோலை ஒரு சாக்கில் திணித்துக்கொண்டேன். மூக்குப்பாறைக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது; நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன், இரண்டு முறையும் திரும்பிவிடலாம் என்று தோன்றவில்லை. குவியலுக்குக் கீழே வைக்கோலைச் செருகி, டீசலை ஊற்றி, சிலுவை போட்டுக்கொண்டேன். “இயேசுவின் திரு இருதயமே, நாள் கொஞ்சம் முன்னபின்ன இருக்கு, கோவிச்சுக்காதே” என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்தேன்.

ஈரக் கிளைகள் முதலில் புகையைத்தான் தந்தன. அப்படி ஒரு புகையை நான் பார்த்ததில்லை. மஞ்சளும் கறுப்புமாக எழும்பிப் பள்ளத்தாக்கின் குறுக்கே போய் எதிர்மலையைத் தொட்டது. பிறகு பிசின் பற்றிக்கொண்டது. குவியல் ஒருமுறை உறுமிவிட்டு மொத்தமாக எரிய ஆரம்பித்தது. காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கோயில் கோபுரத்தின் அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தபோது, யார் வீட்டில் தீ என்று ஒரு கணம் நானும் திரும்பிப் பார்த்தேன்.

சிவப்பு வண்டி எங்கள் வாசல் வரைதான் ஏறும். அங்கிருந்து குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். பாதிப் பேர் பால் கறந்த உடுப்பிலேயே தலைக்கவசம் மாட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் செராஃபின். இளவட்டங்களெல்லாம் பின்தங்க, ஆபரேஷன் ஆகப்போகிற முழங்காலோடு ஓடி வந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்று, இடுப்பில் கை வைத்துக் குனிந்து மூச்சு விட்டான்.

“உசுரோட இருக்கியா?”

“கண்ணு தெரியலையா?”

“நம்ம வீட்டுக்கு மேல தீன்னு கூப்பிட்டாங்க. வீட்டுல நீ ஒருத்திதான்னு… நான்…” அப்போதுதான் எது எரிகிறது என்பது அவன் மண்டையில் ஏறியது. “ஐயோ! குவியலா? குவியலுக்கா வெச்சே?”

குழுவின் தலைவன் ஒஸ்வால்ட், மலையே சரிந்தாலும் அசராத ஆள், என் முன்னால் வந்து தலைக்கவசத்தைக் கழற்றினான். “ஒத்திலியாக்கா, இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்.”

“திரு இருதயம் புதன்கிழமையிலயா வருது?”

“இந்த வருஷம் அவசரமா வந்துடுச்சு.”

பின்னால் நின்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குழாயைப் பார்த்தார்கள். எதிர்மலையிலிருந்து யாரோ கூவினார்கள். வார்த்தை புரியவில்லை, கேலி என்பது மட்டும் புரிந்தது. செராஃபின் குழாயின் முனையைப் பிடுங்கிக்கொண்டான். “தண்ணியத் திறங்கடா! பாதியாவது மிஞ்சட்டும். திரு இருதய ஞாயித்துக்கு எதை எரிப்போம்? ஊரே சிரிக்கும்!”

“அணை” என்றேன். “அணைச்சுட்டு ஒஸ்வால்ட்கிட்ட சொல்லு, இதுல என்ன இருக்குன்னு.”

“என்ன இருக்கு?” என்றான் ஒஸ்வால்ட்.

என் கணவன் குழாயின் முனையைத் திருகினான். ஊரில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்னேன். புற்று, கிண்ணங்கள், காற்று, எல்லாம். ஒஸ்வால்ட் கேட்டுவிட்டுப் பாறையின் மறுபக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் கீழே அவனுடைய லார்ச் காடு, அவன் தாத்தா காலத்து மரங்கள், புதிதாகத் துளிர்த்து வெளிர்ப்பச்சையில் நின்றது.

“என் காடும் பக்கத்துலதான் இருக்கு, செராஃபின்” என்றான். குரலை உயர்த்தவில்லை. பிறகு ஆட்களைப் பார்த்து, “தண்ணி வேணாம். புல்லுல பரவாமப் பாத்துக்குங்க. எரியட்டும்” என்றான்.

ஆட்கள் தீயைச் சுற்றி நின்றார்கள். யாரோ பையிலிருந்து புகையிட்ட இறைச்சியையும் ரொட்டியையும் எடுத்து வெட்டிக் கொடுத்தார்கள். செராஃபின் வாங்கவில்லை. தண்ணீர் வராத குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது, அந்தப் பரிதாபத்தின் மேலேயே கோபமாகவும் இருந்தது.

மேனா மதியத்துக்குள் வந்துவிட்டாள். புகைப்படத்தை யாரோ போனில் ஊர் முழுக்க அனுப்ப, அது ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறது. நர்ஸ் போடும் வெள்ளைச் செருப்போடு சேற்றில் ஏறி வந்தாள். எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்; எங்கும் தீப்புண் இல்லை என்று தெரிந்துகொண்டாள். பிறகு சரிவைப் பார்த்தாள்.

“மரத்துக்கு எதுக்குக் கட்டு?”

நான் செராஃபினைப் பார்த்தேன். அவன் தீயைப் பார்த்தான். அவள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளத்துக்கு இறங்கி, கையெட்டிய மரத்தில் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். வேலையில் பழகிய கை; துணியை இழுக்காமல், சுற்றுச் சுற்றாக எடுத்தாள். கடைசிச் சுற்று பிசினோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே பட்டை அழுகிக் கறுத்திருந்தது. புண் தண்டை ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கட்டின் ஈரத்தில் ஆரஞ்சுக் கிண்ணங்கள் வரிசையாகப் பூத்திருந்தன. அவள் அடுத்த மரத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். நான்காவதில் நிறுத்திக்கொண்டாள்.

“எவ்வளவு நாளா?”

“குளிர்காலத்துலேருந்து தெரியும்” என்றான் செராஃபின். குழாயைக் கீழே போட்டுவிட்டு அவனும் இறங்கி வந்திருந்தான்.

“நல்லா இருக்குன்னு சொன்னே.”

“நவம்பர் வரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும் மேனா. கமிஷன் வந்து பாத்துட்டு நீலம் போட்டுட்டா, அப்புறம்…”

“அப்புறம்?”

“அப்புறம் நீ வந்திருப்ப.”

இதை அவன் ஏதோ பரிசு கொடுப்பது போலச் சொன்னான். அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். நான்காக, பிறகு எட்டாக மடித்தாள். “ஆமா. வந்து இதுக்குக் கீழதானே படுத்திருப்பேன், அப்பா” என்றாள்.

செராஃபின் மலைமுகட்டுப் பனியை நிமிர்ந்து பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விஷயம் அவனுக்கு அதுவரை தோன்றவே இல்லை. மகள் வருவது வரைக்கும் கணக்குப் போட்டிருக்கிறான். வந்தவள் எங்கே தூங்குவாள் என்பதைப் போடவில்லை. இத்தனை வருஷமாக இவனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், கல்லோடு பேசுவது போலப் பேசியிருக்கிறேன். ஒரு தடவைகூட இவன் முகம் இப்படி ஆனதில்லை. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போகவில்லை.

அவன் எங்கள் இருவரையும் தாண்டிச் சரிவில் இறங்கினான். மரச்சட்டங்களுக்குப் பக்கத்தில் எப்போதும் மாட்டி வைத்திருக்கும் கைரம்பத்தை எடுத்தான். பள்ளத்தின் அடி வரிசையில், முதல் மரத்தின் கீழே முழங்காலிட்டான். ரம்பத்தை வைத்தான். பிறகு இழுத்தான். இளம் மரம், அதிக நேரம் ஆகவில்லை. ஊசிகள் அந்த மாதத்தில் குழந்தையின் தலைமுடி போல மெத்தென்று இருக்கும். மரம் சத்தமே இல்லாமல் சாய்ந்தது. அடுத்ததற்கு நகர்ந்தான். ஒஸ்வால்ட் மேலிருந்து பார்த்துவிட்டு இரண்டு பேரைக் கைகாட்டினான்; செராஃபின் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். நட்டது அவன். வெட்டுவதும் அவன்தான் என்று நினைத்திருப்பான்.

வெட்டியதைத் தீக்கு இழுத்துக்கொண்டு போக நான் குனிந்தேன். மேனா முந்திக்கொண்டாள். நகரத்து வீட்டை என்ன செய்யப் போகிறாள், அந்த வீட்டுக்காரரிடம் திரும்பப் பேசப் போகிறாளா, கொட்டகை என்ன ஆகும், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. அவள் மரத்தின் அடிப்பாகத்தை இரு கையாலும் பிடித்து, பின்புறமாக நடந்து இழுத்தாள். வெள்ளைச் செருப்பு வழுக்கியது, ஊன்றினாள், மறுபடி இழுத்தாள்.

அடி வரிசை போனதும், அதற்கு மேல் வரிசையும் போனதும், வெட்டியதைத் தீயில் தள்ள மூக்குப்பாறைக்கு ஏறியிருந்த எனக்கு எங்கள் கொட்டகையின் கூரை தெரிந்தது. மரங்கள் உயர்ந்ததிலிருந்து அதை இங்கிருந்து பார்த்ததில்லை. இவ்வளவு கிட்டவா இருக்கிறது என்று இருந்தது. தலைக்கு மேலே, மே மாத வெயிலிலும், மலைமுகட்டுப் பள்ளங்களில் பனி வெள்ளையாகக் கிடந்தது. கீழே கூரை. நடுவில் மொட்டைச் சரிவு. அந்தச் சரிவின் மத்தியில், ஒரு லார்ச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு, என் மகள் ஒருத்திதான் நின்றிருந்தாள்.